போனை எடுத்தால் பாதுகாப்பு உத்தரவு போய்விடுமா?

கேள்வி:

தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில் ஆறு வயது மகளோடு இருக்கிறேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. கணவர் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். குடித்துவிட்டு அடித்ததால் வழக்குப் போட்டேன். என்னோடு எந்த வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று கோர்ட்டில் அவருக்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாள் அமைதியாகப் போனது. இப்போது தெரியாத எண்களிலிருந்து இரவில் அழைப்பு வருகிறது. எடுத்தால் பேச்சில்லை. ஓரிரு முறை பின்னால் ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் அதில் ஒரு எண்ணுக்கு நானே திருப்பிக் கூப்பிட்டேன். அவர்தான் எடுத்தார். "நீயே கூப்பிட்டுவிட்டாய், இனி உன் ஆர்டர் செல்லாது" என்று சிரித்தார். நாத்தனாரும் அதையே சொல்கிறார். பேத்தியிடம் பேச வேண்டும் என்று மாமியார் அழைக்கிறார். போன வாரம் ஒருவர், "கோர்ட்டிலிருந்து பேசுகிறேன். உத்தரவை மீறியதற்கு உங்கள் பேரில் வாரண்ட் இருக்கிறது. அபராதம் அனுப்பினால் முடித்துவிடலாம்" என்று ஓர் எண்ணைக் கொடுத்தார். சிம்மை உடைத்துப் போடு என்கிறார் அண்ணன். போலீசுக்குப் போனால் என்னையே பிடிப்பார்களா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றிரவாவது நீங்கள் கவலையில்லாமல் தூங்க வேண்டும். உத்தரவை மீறியதாக உங்களைப் பிடிக்க மாட்டார்கள். அதற்குச் சட்டத்தில் வழியே இல்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில், பாதுகாப்பு உத்தரவு கட்டுப்படுத்துவது எதிர்மனுதாரரை. உங்கள் வழக்கில் எதிர்மனுதாரர் உங்கள் கணவர், நீங்கள் மனுதாரர். அந்தச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, எதிர்மனுதாரர் உத்தரவை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனுதாரர் போனை எடுத்தால் குற்றம், திருப்பிக் கூப்பிட்டால் குற்றம் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது.

உத்தரவு செல்லாமல் போய்விட்டது என்பதும் பொய். 25ஆவது பிரிவின்படி, அதை நீக்கச் சொல்லி நீங்களாக மனுப் போடும்வரை பாதுகாப்பு உத்தரவு நடப்பில் இருக்கும். சூழ்நிலை மாறிவிட்டது என்று அவர் கருதினால், நீதிமன்றத்துக்குப் போய்க் காரணம் காட்டி மாற்றக் கேட்கலாம். அதற்கும் நீதிபதி காரணத்தை எழுத்தில் பதிந்துதான் உத்தரவிட வேண்டும். போனில் சிரித்து ஒரு நீதிமன்ற உத்தரவை ரத்து செய்ய முடியாது. நாத்தனார் வாய்வார்த்தையிலும் அது ரத்தாகாது.

இந்தப் பொய்யைக் கேட்டுப் பயந்து, புகார் கொடுக்க வேண்டிய நேரத்தில் வீட்டுக்குள் முடங்கிப்போகிற பெண்களை ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்க்கிறேன். அழைத்துத் தொல்லை கொடுத்தவர் தைரியமாக நடமாடுகிறார்; எடுத்துப் பேசியவள் குற்றவாளிபோல் கூனிக் குறுகுகிறாள். இதைவிட அநியாயம் வேறில்லை. உங்கள் நாத்தனார் தெரியாமல் சொல்லியிருக்கலாம். உங்கள் கணவர் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இனி, பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். "ஆர்டர் இருக்கிறது", "ஸ்டே வாங்கியிருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். ஒரே பேச்சில் மூன்று வேறு வேறு தாள்களைச் சொல்கிறார்கள். மூன்றுக்கும் பலம் வேறு.

முதல் வகை, மகளிர் காவல் நிலையத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, "இனி மனைவியைத் தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று கணவரிடம் எழுதி வாங்கிய கடிதம். அதில் கையெழுத்து இருக்கும், சாட்சி இருக்கும், சில நேரம் நிலைய முத்திரைகூட இருக்கும். ஆனாலும் அது நீதிமன்ற உத்தரவு ஆகாது. அதை மீறினார் என்பதற்காக மட்டும் 31ஆவது பிரிவில் வழக்குப் போட முடியாது. அவர் முன்பு எப்படி நடந்துகொண்டார் என்று காட்ட உதவும், அவ்வளவுதான். கையில் இது மட்டுமே இருப்பவர்கள் தாமதிக்காமல் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் 12ஆவது பிரிவின்கீழ் மனுப் போட வேண்டும்.

இரண்டாவது, ஜாமீன் நிபந்தனை. கொடுமை வழக்கில் கைதான கணவரை ஜாமீனில் விடும்போது, "புகார்தாரரைத் தொடர்புகொள்ளக் கூடாது" என்று நீதிமன்றம் நிபந்தனை விதிப்பதுண்டு. அவர் அதை மீறினால் போகிற வழி வேறு. ஜாமீனை ரத்து செய்யக் கோரி, ஆதாரத்தோடு அந்த வழக்கில் மனுப் போட வேண்டும். வழக்கு முடிந்தால் நிபந்தனையும் அதோடு முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவதுதான் 18ஆவது பிரிவின்கீழ் வரும் பாதுகாப்பு உத்தரவு, அல்லது 23ஆவது பிரிவின்கீழ் வரும் இடைக்கால உத்தரவு. உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களிடம் இருப்பது இதுதான் என்று தெரிகிறது. இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். இடைக்கால உத்தரவு என்றால், "அடுத்த வாய்தா வரை" என்று தேதி ஏதாவது போட்டிருக்கிறதா? இருந்தால், ஒவ்வொரு வாய்தாவிலும் அது நீட்டிக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். அடுத்து, உத்தரவு உங்கள் கணவருக்குச் சார்வு செய்யப்பட்டதா, அதாவது முறைப்படி அவர் கையில் கொடுக்கப்பட்டதா? அவர் நீதிமன்றத்துக்கு வந்து வாதாடிய பிறகு போட்ட உத்தரவென்றால் கவலையில்லை. அவர் வராமலே போட்டதென்றால், "எனக்கு அப்படி ஓர் உத்தரவு இருப்பதே தெரியாது" என்பதுதான் அவர் முதலில் சொல்லப்போகும் பதில். அவர் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி வழக்குக் கட்டில் இருக்க வேண்டும். ஆனால் உங்களிடமே "உன் ஆர்டர் செல்லாது" என்று சொன்னவர், ஆர்டரே தெரியாது என்று இனிமேல் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

உத்தரவில் உள்ள வரிகளையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள். சட்டம் பல தடைகளை விதிக்க இடம் கொடுக்கிறது. உங்கள் நீதிபதி அவற்றில் எவற்றை எழுதியிருக்கிறார் என்பதுதான் கணக்கு. நேரிலோ, வாய்மொழியாகவோ, எழுத்திலோ, மின்னணு வழியிலோ, தொலைபேசியிலோ தொடர்புகொள்ள முயற்சி செய்யக் கூடாது என்பது ஒன்று. வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது என்பது இன்னொன்று. உங்களுக்கு உதவுகிற உறவினர்களிடம் வன்முறை காட்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. கடையைப் பற்றிய வரி உங்கள் உத்தரவில் இல்லையென்றால், சேர்க்கச் சொல்லி இப்போதே கேளுங்கள். எம்.சி. ரோட்டில் பண்டிகைக் கூட்டத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அந்தத் தொலைபேசி வரியில் 'முயற்சி' என்று இருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் எடுத்தீர்களா இல்லையா என்பது இரண்டாவது விஷயம். மிஸ்டு கால் விட்டாலும் அது முயற்சிதான். எடுத்த பிறகு பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாலும் முயற்சிதான். வாட்ஸப்பில் ஒரு செய்தியை அனுப்பி, நீங்கள் பார்ப்பதற்குள் அழித்தாலும் முயற்சிதான். எதையும் எடுக்காமல் இருப்பதே நல்லது. எடுத்துத் தொலைத்தால் உங்கள் உரிமை ஒன்றும் குறையப்போவதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். இரவில் வரும் எல்லா ஊமை அழைப்பும் உங்கள் கணவருடையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விற்பனை அழைப்பு நிறுவனங்களும் மோசடிக் கும்பல்களும் தானியங்கிக் கருவி வைத்து ஒரே நேரத்தில் பல எண்களுக்கு அழைக்கிறார்கள். பேச ஆள் ஒழியாதபோது உங்கள் பக்கம் எடுத்தவருக்கு மௌனம்தான் கேட்கும். விளம்பர அழைப்புக்கென்று ஒதுக்கப்பட்ட 140இல் தொடங்கும் எண்கள் சில. சாதாரண கைப்பேசி எண்போலவே தெரிபவை பல. திரையில் தெரியும் எண்ணையே போலியாக மாற்றி அழைக்கும் வித்தையும் உண்டு. ட்ரூகாலரில் வரும் பெயரை நம்பி, "இது அவருடைய நண்பர் எண்தான்" என்று புகாரில் எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயர் பலர் தங்கள் போனில் சேமித்து வைத்ததிலிருந்து வருவது. யார் பெயரில் சிம் இருக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பத்து அழைப்புகளை அவர் தலையில் போட்டு, அதில் நான்கு கடன் கொடுக்கும் நிறுவனத்தின் அழைப்பு என்று தெரியவந்தால், மீதி ஆறையும் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வீச்சில் தள்ளிவிடுவார். உங்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்ததாக எழுதுங்கள். சந்தேகத்தைச் சந்தேகமாகவே எழுதுங்கள். ஐஸ் மெஷின் சத்தம் கேட்டது என்பது நீங்கள் காதால் கேட்டது. அது காசிமேட்டு மெஷின் என்பது உங்கள் ஊகம். சரியான ஊகமாகவே இருக்கலாம். ஆனால் அதை உறுதிப்படுத்துவது விசாரணை அதிகாரியின் வேலை.

இந்த இடத்தில்தான், நீங்கள் நினைத்து நினைத்து வருந்தும் அந்தத் திருப்பி அழைத்த அழைப்பு வேறு விதமாகத் தெரிகிறது. ஓர் எண்ணிலிருந்து உங்களுக்கு இரவில் அழைப்பு வந்தது. அதே எண்ணுக்கு நீங்கள் அழைத்தீர்கள். உங்கள் கணவர் எடுத்துப் பேசினார். அந்த எண் யார் பெயரில் இருந்தாலும் அவர் கையில் இருக்கிறது என்று நீங்கள் இப்போது நேரடியாகச் சாட்சி சொல்லலாம். 32ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியத்தை மட்டும் வைத்தே குற்றம் நடந்திருக்கிறது என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். எனவே அந்த அழைப்பை மறைக்காதீர்கள். புகாரில் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, ஏன் அழைத்தீர்கள், அவர் என்ன சொன்னார். நீங்கள் சொல்லாமல் விட்டு அவர் சொன்னால் அது அவருக்கு ஆயுதம். அதற்காக இன்னொரு முறை அழைத்துச் சோதிக்க வேண்டாம். ஒருமுறை நடந்ததைப் பதற்றம் என்று நீதிபதி புரிந்துகொள்வார். அதுவே வழக்கமானால், இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள் என்று கதை கட்ட இடம் கிடைத்துவிடும்.

இன்று முதல் ஒரு நோட்டு வையுங்கள். மகளின் பழைய நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வோர் அழைப்புக்கும் உடனே, தூக்கக் கலக்கத்திலும், ஒரு வரி. எழுத வேண்டியது இந்த மாதிரி: "12ஆம் தேதி, இரவு 11.40. முழு எண். எடுத்தேன். பேச்சில்லை. பின்னால் மெஷின் சத்தம். சுமார் 20 விநாடி. அம்மா விழித்திருந்தார்." அழுகை, ஆத்திரம், சாபம் எதுவும் அதில் வேண்டாம். வாய்தா தேதிகளையும் அதே நோட்டில் குறித்து வாருங்கள். வழக்கு விசாரணைக்கு முந்தைய இரவும் பிந்தைய இரவும் மட்டும் அழைப்பு குவிந்தால், தேதிகளே பேசும்.

போனில் இருக்கும் அழைப்புப் பட்டியலில் பழைய பதிவுகள் தானாகவே அழிந்துபோகும். அதனால் தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாட்ஸப் அழைப்புகளுக்கு இது மிக மிக அவசியம். அவை தொலைபேசி நிறுவனத்தின் அழைப்புப் பதிவில் அழைப்பாக வராது. மற்ற அழைப்புகளுக்கு, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் எல்லையிலிருந்து என்ற பதிவுகள் நிறுவனத்திடம் இருக்கும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் அவற்றை வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியை மாற்றினார்கள். அவற்றைக் காவல் துறையோ நீதிமன்றமோதான் கேட்டுப் பெற முடியும். "எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், அந்த நம்பரின் டீடெயில்ஸ் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். அது சட்ட விரோதம். உங்கள் வழக்கையும் கெடுக்கும். ஐஸ் சத்தத்துக்கு உண்மையான விடை அந்தக் கோபுரப் பதிவில்தான் இருக்கிறது.

அழைப்பைப் பதிவு செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். உங்களோடு பேசியதை நீங்கள் பதிவு செய்து வைக்கலாம். கணவன் மனைவிக்கிடையே ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலைத் திருமண வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. பதிவான போனை மாற்றாமல், ரீசெட் செய்யாமல் வைத்திருப்பது முக்கியம். அண்ணனுக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிட்டால், நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டிய மின்னணுச் சான்றிதழில் சிக்கல் வரும்.

சிம்மை உடைக்க வேண்டும் என்ற அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. தங்கை இரவெல்லாம் விழித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறவர் வேறு என்ன சொல்வார்? ஆனால் உடைக்க வேண்டாம். முதலில் அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்துக் குடும்பங்களில் மனைவியின் சிம் கணவர் பெயரில் இருப்பது சாதாரணம். அப்படியிருந்தால், தொலைந்துவிட்டது என்று சொல்லி அவர் அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கிவிட முடியும். உங்கள் வங்கி ஓ.டி.பி. எல்லாம் அவர் கைக்குப் போகும். இதை நாளைக்கென்று தள்ளாதீர்கள். உங்கள் ஆதாரைக் கொண்டுபோய் உங்கள் பெயரில் புது எண் வாங்கி, வங்கி, ஆதார், கேஸ், பள்ளி எல்லாவற்றிலும் அதைக் கொடுங்கள். பழைய போனில் அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். வாட்ஸப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் உங்களுக்குத் தெரியாத கருவி இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்குங்கள்.

பழைய சிம்மை ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டு அண்ணனிடமே கொடுத்துவிடுங்கள். ரீசார்ஜ் நிற்காமல் பார்த்துக்கொள்ளட்டும். மணி அடித்தால் எடுக்கவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். நோட்டில் குறிக்கட்டும். உடைப்பதைவிட இந்தப் பொறுப்பு அவருக்கும் ஆறுதலாக இருக்கும். வழக்குக்கு ஒரு சாட்சியும் கிடைப்பார்.

மாமியார் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. உத்தரவில் "தானோ, தன் சார்பில் பிறர் மூலமோ" என்று இருந்தால், அவர் வழியாக வரும் செய்தியும் மீறல்தான். கணவர் பெயர் மட்டும் இருந்து, மாமியார் தன் ஆசைக்காகப் பேத்தியிடம் இரண்டு வார்த்தை பேசக் கேட்டால், அதைத் தானாகவே மீறல் என்று சொல்ல முடியாது. "வழக்கை வாபஸ் வாங்கச் சொன்னான், இல்லையென்றால் நடப்பதே வேறு என்றான்" என்று அவர் சொல்லும் நாளில் அது பாட்டியின் அழைப்பு அல்ல. உங்கள் கணவரின் தூது. அதையும் நோட்டில் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். தொல்லை தொடர்ந்தால் மாமியாரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க முடியும். இந்தச் சட்டத்தில் ஆண்கள்மீது மட்டுமே மனுப் போடலாம் என்று கட்டுப்படுத்திய சொற்களை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கிவிட்டது. ஆனால் அந்த அம்மா உண்மையிலேயே பேத்தியை நினைத்து ஏங்குகிறவர் என்றால், அந்த அளவுக்குப் போகாதீர்கள் என்பது என் விருப்பம். வாரத்தில் ஒரு நாள், உங்கள் அம்மாவின் போனில், பகலில், அம்மா பக்கத்தில் இருக்கும்போது பேசட்டும். பின்னாலிருந்து கணவர் குரல் கேட்டால் உடனே வைத்துவிடுங்கள்.

குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் கணவரே விரும்பினால் அதற்கு 21ஆவது பிரிவில் வழி இருக்கிறது. எந்த நாள், எந்த இடம், யார் முன்னிலையில் என்று நீதிபதி வகுத்துக் கொடுப்பார். குழந்தைக்குத் தீங்கு வரும் என்று கருதினால் மறுக்கவும் செய்வார். நள்ளிரவு மௌன அழைப்பு தகப்பன் பாசத்தில் சேராது.

இனி அந்த 'கோர்ட்' அழைப்பு. அது மோசடி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீதிமன்றம் போனில் அபராதம் வசூலிக்காது. அபராதம் என்றால் விசாரணை நடந்து, தீர்ப்பு வந்து, நீதிமன்றத்தில் கட்டி ரசீது வாங்குவது. வாரண்ட் என்றால் அதை எடுத்துக்கொண்டு காவலர் வருவார். "காட்டுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் சொன்னபடி, மனுதாரரான உங்கள்மீது இந்த உத்தரவை மீறியதாக வாரண்ட் பிறக்கவே முடியாது. வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டையோடு வந்து, "டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமராவை விட்டு நகரக் கூடாது" என்று மிரட்டுகிறவர்களும் இதே வகை. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது.

அழைத்தவர் ஏதோ ஓர் ஊரில் இருக்கும் மோசடிக்காரராக இருக்கலாம்; உங்கள் வழக்கு விவரம் தெரிந்த, கணவருக்கு வேண்டியவராகவும் இருக்கலாம். உத்தரவைப் பற்றியே அவர் பேசியதால் எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம் அதிகம். எதுவானாலும் அரசு ஊழியர்போல் நடிப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 204ஆவது பிரிவில் குற்றம். குறைந்தது ஆறு மாதம், கூடினால் மூன்று ஆண்டு சிறை. அவர் கொடுத்த எண்ணையும், பணம் அனுப்பச் சொன்ன முகவரியையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறீர்களா? அவற்றை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், மோசடி அழைப்புகளைப் புகார் செய்வதற்கான சக்ஷு பகுதியில் பதிவு செய்யுங்கள். பணம் ஏதாவது அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் இந்தக் கடிதத்தைப் படித்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, காவல் நிலையம். 24ஆவது பிரிவின்படி உத்தரவின் நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். உங்கள் எல்லைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் போயிருக்க வேண்டும். போயிருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நிலைய எழுத்தரிடம் கேட்டால், "அப்படி எதுவும் வரவில்லையே அம்மா" என்ற பதில் வருவது புதிதல்ல. உங்கள் நகலோடு ஒரு ஜெராக்ஸ் கொண்டுபோங்கள்.

பாதுகாப்பு உத்தரவை மீறுவது, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். "புருஷன் பெண்டாட்டி விவகாரம், கவுன்சிலிங்கில் பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லி உங்களையும் அவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைக்கப் பார்த்தால் பணிவாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். எதிரே வந்து பேசக் கூடாது என்று நீதிபதி சொன்ன ஆளை எதிரே உட்காரவைக்க யாருக்கும் அதிகாரமில்லை. புகாரில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: உத்தரவின் தேதியும் வழக்கு எண்ணும், எந்தெந்த நாளில் எந்தெந்த எண்ணிலிருந்து அழைப்பு, அந்த எண்களின் அழைப்புப் பதிவை வாங்கிப் பார்க்கும்படி ஒரு வேண்டுகோள். ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது பின்தொடர்தல் குற்றம் என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவையும் குறிப்பிடலாம்.

புகாரை வாங்க மறுத்தால், அதையே எழுத்தில் துணை ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உத்தரவு போட்ட நடுவர் நீதிமன்றத்திலும் நேரடியாகப் புகார் செய்யலாம். இன்னொரு வழி, குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலர். அவரிடம் எழுத்தில் கொடுத்தால், உத்தரவின் நகலோடு நடுவருக்கு அனுப்பிவைப்பது அவர் கடமை. உங்களுக்குப் பக்கம்தான்: பீச் ஸ்டேஷன் அருகே ராஜாஜி சாலையில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லையென்றால் அதை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அவர் வீட்டு வாசலிலோ கடை வாசலிலோ வந்து நின்றால் இந்த நோட்டு, நகல் எதையும் தேடாதீர்கள். 112ஐ அழையுங்கள். 181 மகளிர் உதவி எண்ணும் இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது. கடை முதலாளியிடமும், கல்லாவில் இருப்பவரிடமும் உத்தரவைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மகளின் பள்ளி ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

கடைக்கு வார விடுமுறை என்றைக்கோ, அன்றே காலையில் அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போங்கள். புகாரின் இரண்டாவது பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் இலவசம். உடனே போடவில்லையென்றால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தர வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை பெஞ்சைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.